வேஷம் கட்ட ஆள் வேண்டும்

சென்ற ஆடி மாதம் என் தங்கை மகன் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டி, "மாமா, இதைக் கொஞ்சம் நல்ல தமிழா எழுதிக் குடுங்க" என்றான். கம்பத்தில் ஆடிக் காற்று என்றால் சும்மா இல்லை. குமுளிப் பக்கத்து மலை இடுக்கில் நுழைந்து பள்ளத்தாக்கு நெடுக ஓடித் தேனியைத் தாண்டுகிற வரைக்கும் அதற்கு மூச்சு வாங்குவதில்லை. திண்ணையில் உட்கார்ந்து காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் படிக்க முடிந்தது.

அது ஓர் அறிவிப்பு. நீண்ட நாள் நடத்த உத்தேசித்திருக்கும் ஒரு கற்பனை ஆட்டத்துக்கு ஆறு பேர் தேவை. சனிக்கிழமைதோறும் இரவு ஒன்பது மணிக்குக் கம்ப்யூட்டர் வழியாகச் சேர வேண்டும். எடுத்துக்கொண்ட பாத்திரமாகவே இருந்து பேசத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். சண்டை ஒன்றுக்காகவே வருகிறவர்களும், இரண்டு வாரம் தலையைக் காட்டிவிட்டு மறைந்துபோகிறவர்களும் தயவுசெய்து வர வேண்டாம். இவ்வளவுதான் விஷயம். கடைசி வாக்கியத்தில் மட்டும் ஒரு பழைய காயம் தெரிந்தது.

"என்னடா இது, ஸ்பெஷல் நாடகத்துக்கு ஆள் பிடிக்கிற மாதிரி இருக்கே" என்றேன்.

"அப்படின்னா என்ன மாமா?"

கம்பத்திலேயே பிறந்து வளர்ந்த பையன். வருத்தப்பட்டுப் பயன் இல்லை. என் உலகம் அவனுக்குத் தெரியாதது போலவே அவன் உலகமும் எனக்குத் தெரியாது. அன்றைக்கு ஒரு பேரம் பேசி முடித்தோம். அவனுடைய ஆட்டத்தில் நான் ஒரு வேஷம் எடுத்துக்கொள்வது. அவன் என்னோடு வந்து ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து வள்ளி திருமணம் பார்ப்பது. என் பங்கை நான் நிறைவேற்றிவிட்டேன். அது நிறைவேறிய லட்சணத்தைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ் என்று அதற்குப் பெயர். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1974ல் வெளியிட்டார்கள். ஒருவர் ஆட்டத்தை நடத்துவார். காடு, மலை, கோட்டை, அதில் இருக்கிற ஜனங்கள் எல்லாவற்றையும் வர்ணிப்பது அவர் பொறுப்பு. மற்ற ஒவ்வொருவரும் ஒரே ஒரு பாத்திரம். "கதவைத் திறக்கிறேன்" என்று சொன்னால் திறந்ததாக அர்த்தம். திறக்குமா திறக்காதா என்று சந்தேகம் வந்தால் இருபது முகம் உள்ள ஒரு பகடையை உருட்டிப் பார்க்க வேண்டும். மேடை கிடையாது, வேஷத்துக்கு அரிதாரம் கிடையாது, பார்க்க ஒருவரும் கிடையாது. ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடியதை இப்போது ஊருக்கு ஒருவராக உட்கார்ந்து ஆடுகிறார்கள். 2020ல் ஊரடங்கின்போது பெங்களூரிலிருந்து பெட்டியோடு வீடு வந்து சேர்ந்த என் மருமகன் இதில் இறங்கியது அப்படித்தான்.

இந்த ஆட்டத்துக்கு ஒரு பூர்வ கதை உண்டு. எனக்கு அது ஆட்டத்தைவிடப் பிடித்திருக்கிறது. 1960களின் கடைசியில் மின்னசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்ற இளைஞர் நெப்போலியன் காலத்து யுத்த ஆட்டம் ஒன்றைத் தயார் செய்தார். பொம்மைச் சிப்பாய்களை நகர்த்துவதற்கு முன்னால் ஒரு ஜெர்மன் ஊரைக் கற்பனை செய்து, வந்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு வேஷம் கொடுத்தார். நீ ஊர்த் தலைவன், நீ மாணவன் என்கிற மாதிரி. யுத்தம் ஆரம்பிக்கவே இல்லை. வந்தவர்கள் தங்களுக்குள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். மூலைக்கு இரண்டு பேராகப் போய்ச் சதி செய்தார்கள், பேரம் பேசினார்கள், ஒருவரை ஒருவர் ஏமாற்றினார்கள். ஆட்டம் கையை விட்டுப் போயிற்று, தான் தோற்றுப்போனதாக வெஸ்லி நினைத்தார். வந்தவர்களோ அடுத்தது எப்போது என்று கேட்டார்கள். அந்தக் கூட்டத்தில் ஆர்னசனும் ஒருவர்.

ஆக, இந்தக் கலையின் பிறப்பே நடத்துகிறவரைப் பார்ப்பதை விட்டுவிட்டு இரண்டு பேர் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்ததில்தான் இருக்கிறது. எனக்கு இது பிறகுதான் உறைத்தது.

ஆட வருகிறவர்கள் ஒரே ஜாதி இல்லை என்பதையும் ஆரம்பத்திலேயே கண்டுகொண்டார்கள். 1980ல் கிளென் பிளேகோ என்பவர் ஒரு கட்டுரையில் நாலு விதமாகப் பிரித்தார். பாத்திரமாக வாழ வருகிறவர்கள், கதைக்காக வருகிறவர்கள், பலத்தைப் பெருக்கிக்கொள்ள வருகிறவர்கள், யுத்த தந்திரத்துக்காக வருகிறவர்கள். இதில் கடைசி இரண்டு வகைக்கும் பஞ்சமே இல்லை. முதல் வகைக்குத்தான் தட்டுப்பாடு. பையன் சொல்லிக் கேட்டதில், உலகம் முழுவதும் இதை நடத்துகிறவர்கள் எல்லோருடைய புலம்பலும் ஒன்றுதான்: நிலைத்து வருகிற ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் வேஷத்தில் நிற்பதில்லை.

போதாக்குறைக்கு, 2015 முதல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொழில்முறைக் குரல் நடிகர்கள் சிலர் தாங்கள் ஆடுவதை உலகம் பார்க்கும்படி ஒளிபரப்பி வருகிறார்கள். கிரிட்டிக்கல் ரோல் என்று பெயர். நானும் கொஞ்சம் பார்த்தேன். திறமைசாலிகள், சந்தேகம் இல்லை. ஆனால் அதைப் பார்த்துவிட்டு ஆட வருகிறவர்களுக்கு வேஷம் என்றால் குரலை மாற்றிக்கொண்டு நீளமாகப் பேசுவது என்று ஆகிவிடுகிறது. கிட்டப்பாவின் இசைத்தட்டைக் கேட்டுவிட்டு எட்டுக்கட்டை சுருதியில் கத்தினவர்கள் நம் ஊரிலும் இருந்தார்கள் அல்லவா?

என்னுடைய பிழைக்கு வருகிறேன். ஆறு பேர் சேர்ந்தோம். பெங்களூரில் இரண்டு பேர், கோயம்புத்தூரில் ஒரு வாத்தியார், துபாயில் ஒருவர், சிங்கப்பூரில் ஒரு நர்ஸ், கம்பத்தில் நான். நடத்துகிறவன் பக்கத்துத் தெருவில். நமக்கு ஒன்பது மணி என்றால் சிங்கப்பூரில் பதினொன்றரை. அந்தப் பெண் வேலை முடிந்து வந்து, குளித்து, அந்த நேரத்துக்கு உட்காருவாள். ஒரு வாரமும் தாமதித்தது கிடையாது. திருடி வேஷம் அவளுக்கு.

நான் ஏலக்காய் வியாபாரி. கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு நின்றுபோனவன் நான். ஆனாலும் இருபது வருஷமாக நாவல் எழுதிப் பிழைக்கிறவன். பாத்திரம் படைப்பது எனக்குச் சொல்லித் தர வேண்டிய விஷயமா? வியாபாரியின் சரித்திரத்தைப் பதினோரு பக்கம் எழுதினேன். அவன் தகப்பன் போடியிலிருந்து மலை ஏறியது, முதல் மனைவி காய்ச்சலில் போனது, கோவேறு கழுதைகளின் பெயர், எல்லாம் உண்டு. பையன் படித்துவிட்டுப் பிரமாதம் என்றான். அவனும் தன் கற்பனை ராஜ்யத்தைப் பற்றி நாற்பது பக்கம் எழுதி எல்லோருக்கும் அனுப்பியிருந்தான். அதை நான் படிக்கவில்லை. என் பதினோரு பக்கத்தை மற்ற ஐந்து பேரும் படித்திருக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தோன்றவும் இல்லை.

நாலாவது வாரம். மலைப்பாதையில் ஒரு சத்திரம். இரவு. வெளியே மூடுபனி என்று பையன் வர்ணித்தான். திருடி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஐயா, நீங்க இந்தப் பாதையிலே பல வருஷமா போய் வர்றவர். என் அண்ணன் இந்தப் பக்கமா வந்தானா? இடது காதிலே ஒரு வெட்டுக் காயம் இருக்கும்" என்று கேட்டாள்.

அண்ணன் ஒருவன் என் பதினோரு பக்கத்தில் இல்லை. எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஆனால் பேசத் தெரியும். மலைப்பாதை எத்தனை பேரை விழுங்கியிருக்கிறது என்று ஆரம்பித்தேன். பனியைப் பற்றிச் சொன்னேன், கழுதையின் கழுத்து மணி ஓசை பனிக்குள் தேய்ந்து போவதைச் சொன்னேன், காணாமல் போனவர்களின் பெயரை மலை வைத்துக்கொள்கிறது என்கிற மாதிரி ஏதோ சொன்னேன். ஐந்து நிமிஷம் இருக்கும். முடித்ததும் துபாய்க்காரர் கை தட்டினார். வாத்தியார், "எழுத்தாளர் எழுத்தாளர்தான்" என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். அன்றைக்குத் தூங்கப் போகும்போது அந்தப் பேச்சை நாவலில் எங்கே சேர்க்கலாம் என்றுகூட யோசித்தேன்.

அந்தப் பெண் அதற்குப் பிறகு என் வியாபாரியிடம் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு வாரம் வந்தாள். பகடை உருட்டச் சொன்னால் உருட்டினாள். மூன்றாவது வாரம் வரவில்லை. டூட்டி மாறிவிட்டது என்று இரண்டு வரி எழுதியிருந்தாள். அவள் போனதும் பெங்களூர்க்காரர்களில் ஒருவர் நின்றார். பிறகு துபாய். ஒன்பதாவது வாரத்தில் நானும் பையனும் வாத்தியாரும் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதிலும் நிலைப்பு இல்லை" என்று நான் ஆரம்பித்தேன். பையன் மரியாதை தெரிந்தவன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீங்க நல்லாத்தான் பேசுனீங்க மாமா. ஆனா அந்தப் புள்ள ஒண்ணு கேட்டுச்சே, அதுக்கு நீங்க பதிலே சொல்லலியே" என்றான்.

இதற்கு நான் என்ன பதில் சொல்வது? ஆறு பேரில் வேஷத்தில் நிற்காதவன், அறிவிப்பின்படி வர வேண்டாம் என்று சொல்லப்பட்டவன், நான்தான். ஒரு வாரம் தவறாமல் வந்துகொண்டிருந்ததால் அது எனக்குத் தெரியாமல் போயிற்று.

அன்றைக்கு ராத்திரிதான் எனக்கு அந்தப் பழைய வள்ளியின் ஞாபகம் வந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் ஸ்பெஷல் நாடகம் இன்னதென்று, பையனுக்குச் சொன்னதையே, தெரியாத வாசகர்களுக்கும் சொல்ல வேண்டும்.

நாடகக் கம்பெனி என்றால் ஒரு முதலாளி, ஒரு வாத்தியார், சேர்ந்தே சாப்பிட்டுச் சேர்ந்தே தூங்குகிற ஒரு கூட்டம், மாதக்கணக்கில் ஒத்திகை. ஸ்பெஷல் நாடகத்தில் இது ஒன்றும் கிடையாது. ஒவ்வொரு நடிகரையும் தனித் தனியாக, ஒரு ராத்திரிக்கு மட்டும் அமர்த்துவது. மதுரையிலிருந்து ஒரு நாரதர் வருவார், புதுக்கோட்டையிலிருந்து வள்ளி, திண்டுக்கல்லிலிருந்து பபூன், காரைக்குடியிலிருந்து ஆர்மோனியம். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி, ஊரில் யார் வீட்டிலாவது சாப்பிட்டுவிட்டு, மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து அரிதாரம் பூசிக்கொள்வார்கள். சில பேர் ஒருவரை ஒருவர் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்ப்பார்கள். ஒத்திகை இல்லை, டைரக்டர் இல்லை. ராத்திரி பத்து மணிக்குத் திரை விலகினால் கிழக்கு வெளுக்கிற வரைக்கும் நாடகம்.

முன்பின் அறியாதவர்கள் எட்டு மணி நேரம் வேஷம் கலையாமல் ஒருவருக்கு ஒருவர் ஈடு கொடுத்து நிற்கிறார்கள். என் மருமகன் எழுதியிருந்த அறிவிப்பில் கேட்டிருந்தது இதைத்தானே? எப்படி அங்கே நடக்கிறது?

கட்டுப்பாடு ஒரு காரணம். விழாக் கமிட்டிக்காரர்கள் ஏஜெண்டைப் பார்த்துத் தேதி வாங்கி முன்பணம் கொடுத்துவிட்டால் அது வாக்கு. நடிகர்களுக்குச் சங்கம் உண்டு. ஒப்புக்கொண்ட ஊரை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போனால் அங்கே கேள்வி வரும். நடிகர்களின் படத்தோடு நோட்டீஸ் அடித்துச் சுவர் சுவராக ஒட்டியாகிவிட்டது என்றால், அந்த முகம் அந்த ராத்திரி அந்த மேடையில் இருந்தே ஆக வேண்டும். வராவிட்டால் ஊர் சும்மா விடாது. ஆனால் இது ஆளைக் கொண்டுவந்து நிறுத்துகிற வரைக்கும்தான் உதவும். சிங்கப்பூர்ப் பெண்ணை ஒரு நோட்டீஸும் கட்டிப்போடவில்லை. அவள் தானாகவே வந்துகொண்டிருந்தாள். நின்று போனதற்குத்தான் காரணம் வேண்டும்.

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். சின்னமனூருக்குப் பக்கத்தில் என் பாட்டியின் கிராமம். சித்திரைத் திருவிழா. நோட்டீஸில் படம் போட்ட வள்ளிக்கு உடம்பு சரியில்லை என்று கடைசி நேரத்தில் வேறு ஓர் அம்மாளை அழைத்து வந்திருந்தார்கள். வயது நாற்பதுக்குக் குறையாது. வள்ளி திரையை விலக்கிக்கொண்டு வந்ததும் கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. நாரதர் நல்ல பாட்டுக்காரர், தர்க்கத்தில் பெயர் எடுத்தவர். தினைப்புனத்தில் தனியாக நிற்கிற பெண்ணிடம் நாரதர் வந்து பேச்சுக் கொடுப்பதும், அவள் விட்டுக்கொடுக்காமல் பதில் பேசுவதும்தான் வள்ளி திருமணத்தில் ஜனங்கள் காத்திருக்கிற கட்டம்.

நாரதர் பிறப்பிலிருந்து ஆரம்பித்தார். உன்னைப் பெற்றது மான், எடுத்தது வள்ளிக்கிழங்குக் குழி, வளர்த்தது வேடன், இதில் நீ யார் மகள் என்று பாட்டாகவே கேட்டு நிறுத்தினார். அதற்கு ஒரு பதில் பாட்டு இருக்க வேண்டும். அந்த அம்மாளுக்கு அவர் பாடின பாடம் இல்லை போலிருக்கிறது. நின்றாள். ஆர்மோனியக்காரர் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். எனக்குப் பக்கத்தில் இருந்த என் மாமா, "மாட்டிக்கிட்டா" என்றார்.

அவள் பாடவில்லை. பேச்சாகச் சொன்னாள். "தாகமா வந்தவர் கிணறு வெட்டினவன் பேரைக் கேக்கிறது உண்டா சாமி? நடந்து களைச்சு வந்திருக்கீங்க. முதல்ல தண்ணியைக் குடிங்க. அப்புறம் பேசலாம்." சொல்லிவிட்டு, இல்லாத சுரைக்குடுக்கையை எடுத்து நீட்டினாள்.

நாரதர் அங்கே என்ன வேண்டுமானாலும் செய்திருக்கலாம். "பதில் தெரியவில்லையா?" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கூட்டம் ஆர்ப்பரித்திருக்கும், அன்றைக்கு அவருக்கு வெற்றி. அவர் தம்பூராவைக் கீழே வைத்தார். மேடையில் மண்டியிட்டு உட்கார்ந்தார். இரண்டு உள்ளங்கைகளையும் குவித்து வாய்க்குக் கொண்டுபோய், அவள் வார்க்க வார்க்க, அந்த இல்லாத தண்ணீரை மெதுவாகக் குடித்தார். குடித்து முடித்து, மேல்துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே அடுத்த பாட்டை எடுத்தார். முன்னைவிடச் சுருதி இறங்கியிருந்தது. ஆர்மோனியமும் கூடவே இறங்கியது. அதற்கு மேல் அந்தக் கிராமத்தில் ஒருவரும் வள்ளியின் வயதைப் பற்றிப் பேசவில்லை.

இத்தனை வருஷமாக அந்த ராத்திரியை நினைக்கும்போதெல்லாம் வள்ளியின் சமயோசிதத்தைத்தான் பாராட்டிக்கொண்டிருந்தேன். பெரிய காரியம் செய்தவர் நாரதர் என்று இப்போது தோன்றுகிறது. அவரிடம் இருந்த பாட்டை அவர் பாடவில்லை. எதிரே இருந்தவள் நீட்டியதை வாங்கிக்கொண்டார். அதை வாங்கினதால் அவள் வள்ளி ஆனாள். அவரும் நாரதர் ஆனார். என்னிடம் சத்திரத்தில் ஒருத்தி குடுக்கையை நீட்டினாள். நான் கிணற்றைப் பற்றிப் பிரசங்கம் செய்தேன்.

நாவலாசிரியனுக்கு இந்த வியாதி சகஜம் என்று நினைக்கிறேன். நாவலில் என் பாத்திரங்கள் நான் அனுமதித்தால்தான் பேசும். அவர்கள் என்னை எதுவும் கேட்க முடியாது. கேட்டாலும் அந்தக் கேள்வியை எழுதினவன் நான்தான். அதனால் பாத்திரத்தைப் பற்றித் தெரிந்துகொள்வதும் பாத்திரமாக இருப்பதும் ஒன்று என்று ஒரு மயக்கம் வந்துவிடுகிறது. பதினோரு பக்கமும் நான் என் வியாபாரியைச் சுற்றிக் கட்டின மதில். அதில் திருடியின் அண்ணன் நுழைய வழி இல்லை. இடது காதில் வெட்டுள்ள ஒருவனைப் பார்த்தேன் என்றோ, அவனுக்குக் கடன் கொடுத்தேன் என்றோ, என்னிடம்தான் பொய் சொல்லிக் கழுதையைத் திருடிக்கொண்டு போனான் என்றோ ஒரு வரி சொல்லியிருந்தால் ஆட்டம் அங்கே பிறந்திருக்கும்.

கிட்டப்பாவும் கே.பி.சுந்தராம்பாளும் 1920களில் சேர்ந்து மேடை ஏறினார்கள். 1933ல் கிட்டப்பா இறந்த பிறகு சுந்தராம்பாள் எந்த ஆண் நடிகரோடும் ஜோடியாக நடிக்கச் சம்மதிக்கவில்லை. 1935ல் வந்த நந்தனார் படத்தில் நந்தன் வேஷத்தையே அவர் போட்டார். இதைப் பதிவிரதைக் கதையாகத்தான் நம்மவர்கள் சொல்வது வழக்கம். அது இருக்கட்டும். பாடினால் திருப்பிப் பாட ஓர் ஆள் எதிரே இருந்து, அந்த ஆள் இல்லாமல் போனால் எப்படி இருக்கும் என்று கலைஞர்களுக்குத்தான் தெரியும். நல்ல எதிராள் கிடைப்பது கல்யாணத்தைவிட அபூர்வம்.

ஆனால் ஈடு கொடுக்கிற மனசு மட்டும் போதுமா என்றால், போதாது. நாரதரும் அந்த அம்மாளும் அப்படி விட்டுப் பிடிக்க முடிந்ததற்குக் கீழே ஒரு தரை இருந்தது. அந்தத் தரையைப் போட்டவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1918ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை அமைத்து, டி.கே.எஸ். சகோதரர்கள் போன்ற சிறுவர்களைப் பழக்கினவர். நம்பகமான நடிகர்களுக்கு அந்தக் காலம் கண்ட வழி அது: சின்ன வயதிலேயே பிடித்து, பாடம் பண்ணவைத்து, கம்பெனி வீட்டைத் தாண்ட விடாமல் வைத்துக்கொள்வது. அந்த முறையின் கொடுமைகளும் சொல்லப்பட்டிருக்கின்றன. கம்பெனிகள் போய்விட்டன. 1922ல் சுவாமிகளும் போய்விட்டார். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி என்று அவர் எழுதிவைத்த பாடங்கள்தான் தங்கின. ஊர் ஊராகப் பிரிந்திருக்கிற நடிகர்கள் ஒத்திகை இல்லாமல் சேர முடிகிறதென்றால் எல்லோர் வயிற்றிலும் அதே பாடம் இருப்பதால்தான். பார்க்கிற ஜனங்களுக்கும் அது தெரியும். முருகன் வேலனாக, வேடனாக, விருத்தனாக வந்து கடைசியில் கல்யாணம் ஆகும் என்பது எட்டு வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். கதை எங்கே போகும் என்ற கவலை இல்லாததால்தான் எதிரே இருப்பவரைக் கவனிக்க முடிகிறது.

விசுவநாத தாஸையும் இங்கே சொல்ல வேண்டும். தினைப்புனத்தில் வள்ளி பறவை விரட்டுகிற கட்டத்தில் வெள்ளைக் கொக்கைப் பற்றிப் பாடி, கொக்கு யார் என்று கூட்டத்துக்குப் புரியவைத்தார். வெள்ளைக்காரச் சர்க்காருக்கும் புரிந்தது, சிறைக்கு அனுப்பியது. புனம் இருந்தது, பறவை இருந்தது, அதனால் கொக்கு வந்து உட்கார இடம் இருந்தது. அவர் 1940 டிசம்பர் கடைசியில் சென்னையில் முருகன் வேஷத்தில், மேடையிலேயே உயிர் விட்டார். அவ்வளவு அர்ப்பணிப்பை நாம் யாரிடமும் கேட்க முடியாது. சனிக்கிழமை ஒன்பது மணிக்கு வா என்றுதான் கேட்கலாம்.

இப்படியெல்லாம் எழுதுவதால் ஸ்பெஷல் நாடகத்தைக் கோயிலில் வைத்துக் கும்பிடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். பாதி ராத்திரி வரைக்கும் பபூனும் டான்ஸ்காரியும் அடிக்கிற கூத்தில் பெண்டு பிள்ளைகளோடு உட்கார முடியாத இடங்கள் உண்டு. நாரதர் தர்க்கம் என்ற பெயரில் இரண்டு மணி நேரம் தன் வித்தையைக் காட்டி, இடையில் சினிமாப் பாட்டும் பாடி, சட்டையில் ரூபாய் நோட்டுக் குத்துகிறவர்களுக்கெல்லாம் நன்றி சொல்லிவிட்டுப் போனபின், பாவம் முருகன் நாலு மணிக்கு வந்து தூங்குகிற ஜனங்களுக்கு முன்னால் நின்றதையும் பார்த்திருக்கிறேன். அந்த நாரதருக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை. அங்கே ஒரு சௌகரியம், ஜனங்கள் பாயை விரித்துப் படுத்துவிடுவார்கள், நடிகருக்குத் தெரிந்துவிடும். கம்ப்யூட்டரில் கேமராவை அணைத்துவிட்டு அந்தப் பக்கம் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாலும் நமக்குத் தெரிவதில்லை. கை தட்டின துபாய்க்காரர் நான் சொன்னதைக் கேட்டாரா என்பதே எனக்கு இப்போது சந்தேகம்.

தை மாதம் பையன் மறுபடியும் ஆள் தேடினான். இந்தத் தடவை அறிவிப்பை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எழுதினோம். நாலு பேர் போதும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை, எட்டுத் தடவையோடு முடியும். முதல் தடவை ஆடாமல் பேசிக்கொள்வது மட்டும். அயல்நாட்டில் நடத்துகிறவர்களிடமும் அந்த வழக்கம் இருக்கிறதாம். பாத்திரத்தின் சரித்திரம் மூன்று வரிக்கு மேல் கூடாது. அதோடு, மற்றவர்கள் தன் பாத்திரத்திடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றை ஒவ்வொருவரும் எழுதிக்கொண்டு வர வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனை பையனுடைய யோசனை. நான் சொன்னதாக எழுதிக்கொள்ள ஆசைதான்.

நாற்பது பக்க ராஜ்யத்தையும் அவன் கைவிட்டான். நல்லதங்காள் கதையை எடுத்துக்கொண்டான். அவள் ஏழு குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு கிணற்றை நோக்கிப் போகிற பாதையில் நாலு பேர் எதிர்ப்படுகிறார்கள். அவளாகப் பேசுகிறவன் ஆட்டத்தை நடத்துகிற பையனே. இரண்டு பேர் கதை தெரியாது என்றார்கள். வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு வரச் சொன்னான். ஒருவர் தன் அப்பத்தாவிடம் போனில் கேட்டு அழுதுவிட்டு வந்தார். நான் சுமைகூலி. எனக்கு எழுதிக்கொண்ட மூன்று வரியில் ஒன்று, வலது காது கேட்காது என்பது. இரண்டு தடவை நடந்திருக்கிறது. போன தடவை நல்லதங்காள் என்னிடம் வழி கேட்டாள். கிணற்றுக்கு எந்தப் பாதை என்று. நான் காது கேட்காதவனாகக் கையைச் செவியில் வைத்துக்கொண்டு, மறுபடி சொல்லச் சொன்னேன். மறுபடி சொன்னாள். மறுபடியும் கேட்டேன். நாலாவது தடவை சொல்லும்போது பையனின் குரல் கொஞ்சம் தடுமாறியது. மற்ற மூவரும் அதற்குள் குழந்தைகளின் பக்கம் போய்விட்டிருந்தார்கள். அதற்கு மேல் அன்றைக்கு நேரம் ஆகிவிட்டது.

சிங்கப்பூர்ப் பெண்ணுக்கும் அறிவிப்பு அனுப்பினோம். வேறொரு குழுவில் ஆடிக்கொண்டிருப்பதாகவும், அங்கேயும் திருடி வேஷம்தான் என்றும், எங்களுக்கு நன்றி என்றும் எழுதியிருந்தாள். அண்ணன் அகப்பட்டானா என்று கேட்டு எழுத நினைத்தேன். எனக்கு அதைக் கேட்கிற பாத்தியதை இல்லை என்று விட்டுவிட்டேன்.

பையன் பாக்கி வைத்திருந்த பங்கும் வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டுச் சுவரில் வள்ளி திருமணம் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள், பக்கத்து ஊர்த் திருவிழாவுக்கு. போனில் படம் எடுத்துக்கொண்டு வந்து, நாரதர் எத்தனை மணிக்கு வருவார், அப்போது போனால் போதாதா என்று கேட்டான். பத்து மணிக்கே போய்விட வேண்டும் என்றேன். உட்கார நாற்காலி இருக்குமா என்றான். பாய் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.